பைபாஸுக்குப் பிறகு: கூட நடப்பவரின் பங்கு

மாரடைப்பு வந்து மூன்று வாரம் ஆகியிருந்த 30 ஆண்களை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டிரெட்மில்லில் நடக்கவைத்தார்கள். இதய மருத்துவத்தில் அது வழக்கமான சோதனைதான். ஆனால் இந்த முறை அவர்கள் கவனித்தது மனைவிமாரை. பத்து மனைவியர் சோதனையைப் பார்க்கவில்லை. பத்துப் பேர் அருகில் நின்று பார்த்தார்கள். மீதிப் பத்துப் பேர் பார்த்ததோடு நிற்காமல், கணவர் எட்டிய அதே உச்சக் கடுமையில் தாங்களும் மூன்று நிமிடம் நடந்தார்கள். பிறகு எல்லாத் தம்பதியருக்கும் மருத்துவ ஆலோசனை வழங்கப்பட்டது.

உங்கள் கணவரின் உடம்பும் இதயமும் எவ்வளவு தாங்கும் என்று அதன் பிறகு கேட்டார்கள். கணவர்கள் தங்கள் உடம்பின்மீது வைத்திருந்த அதே அளவு நம்பிக்கையை மூன்றாம் குழு மனைவியர் மட்டுமே காட்டினார்கள். மற்ற இரு குழுக்களிலும், மருத்துவர் எடுத்துச் சொன்ன பிறகும் தயக்கம் மிஞ்சியிருந்தது. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் பங்கேற்ற இந்த ஆய்வு 1985இல் வெளிவந்தது. அதில் இன்னொரு முடிவும் உண்டு. மூன்றாம் வாரத்தில் கணவனும் மனைவியும் கொண்டிருந்த நம்பிக்கைக்கும், 11ஆம், 26ஆம் வாரங்களில் அந்த ஆண்களால் டிரெட்மில்லில் எவ்வளவு தாங்க முடிந்தது என்பதற்கும் தொடர்பு இருந்தது.

மாரடைப்பு நோயாளிகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வு அது. ஆனாலும் அது தொட்ட கேள்வி, பைபாஸ் முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறது. "நீங்க அசையாமப் படுங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்று சொல்லாத துணை இல்லை. அன்பிலும் பயத்திலும் பிறக்கும் சொல் அது. ஆனால் உடம்பு மீளும் விதத்தை அறிந்தவர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: கூட இருப்பவர் எவ்வளவு முடியும் என்று நினைக்கிறாரோ, அதுவே பல வீடுகளில் நோயாளியின் எல்லையாகிவிடுகிறது. அந்த எல்லையைச் சரியான இடத்தில் வைக்க, உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று துணைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படுக்கை செய்யும் கேடு

அசையாமல் கிடப்பதுதான் இதயத்துக்கு நல்லது என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நம்பியது. மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். 1952இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் சாமுவேல் லெவினும் பெர்னார்டு லவுனும், நோயாளிகளைச் சில நாட்களிலேயே நாற்காலியில் உட்காரவைத்த அனுபவத்தை வெளியிட்டார்கள். எதிர்ப்பு எழுந்தது, ஆனால் உட்கார்ந்தவர்கள் தேறினார்கள்.

படுக்கை எவ்வளவு பறிக்கும் என்பதை 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடந்த ஆய்வு அளந்து காட்டியது. இருபது வயது ஆரோக்கியமான இளைஞர்கள் ஐந்து பேர் மூன்று வாரம் படுக்கையில் இருந்தார்கள். உடம்பு அதிகபட்சம் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு, அதாவது உழைக்கும் திறன், கால் பங்குக்கும் மேல் விழுந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் அழைத்து மறுபடி அளந்தார்கள். முப்பது வருட முதுமை பறித்ததைவிட மூன்று வாரப் படுக்கை பறித்ததே அதிகம் என்று தெரிந்தது.

இருபது வயதுக்காரருக்கே இப்படியென்றால், அறுபது வயதில் நெஞ்சைத் திறந்து தைத்தவருக்கு என்ன ஆகும்? தொடைத் தசை கரையும். ரத்தத்தின் மொத்த அளவு குறையும். கால் சிரைகளில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். அதனால்தான் இன்றைய மருத்துவமனைகளில், நிலைமை சீராக இருந்தால், அறுவைக்கு மறுநாளே ஐ.சி.யூ.வில் நாற்காலியில் உட்காரவைக்கிறார்கள். அடுத்த ஓரிரு நாட்களில் வராந்தாவில் நடை. டிஸ்சார்ஜுக்கு முன் படி ஏற்றம். பார்க்கும் குடும்பத்துக்கு இது இரக்கமற்றதாகத் தோன்றும். உண்மையில் அந்த நடை, மாத்திரையைப் போலவே சிகிச்சையின் ஒரு பகுதி.

தைத்த மார்பெலும்பு

அடைத்துக்கொண்ட இதயத் தமனிக்குக் காலிலிருந்து எடுத்த சிரையால் மாற்றுவழி அமைக்கும் முறையை, 1967இல் கிளீவ்லாந்தில் அர்ஜென்டினா மருத்துவர் ரெனே ஃபவலோரோ நிலைநாட்டினார். எட்டே ஆண்டுகளில், 1975இல், இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்தார். இன்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் அது அன்றாட அறுவை.

பெரும்பாலான பைபாஸ் அறுவைகளில் மார்பெலும்பை நெடுக அறுத்துத் திறப்பார்கள். முடிந்ததும் எஃகுக் கம்பிகளால் இழுத்துக் கட்டுவார்கள். கை முறிந்தால் மாவுக்கட்டு போட்டு அசையாமல் வைக்கலாம். மார்பெலும்புக்கு அந்த வசதி இல்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 முறை மூச்சு அதை அசைத்துக்கொண்டே இருக்கும். அசைந்தபடியே ஆறு முதல் எட்டு வாரத்தில் அது ஒட்டுகிறது. முழு வலு வர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும்.

இங்கேதான் துணையின் கைகளுக்கு முதல் பாடம். படுத்திருப்பவரை எழுப்ப நாம் இயல்பாக இரண்டு கைகளையும் பிடித்து இழுப்போம், அல்லது அக்குளில் கைகொடுத்துத் தூக்குவோம். இரண்டும் தவறு. மார்பின் பெரிய தசை மேற்கையில் தொடங்கி மார்பெலும்பின் இரு பக்கமும் பற்றியிருக்கிறது. கையை இழுத்தால் தைத்த எலும்பின் இரு பாதிகளையும் எதிரெதிரே இழுப்பதாகும். சரியான முறை இது: அவர் முழங்காலை மடக்கி, ஒரு பக்கமாக உருண்டு, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட வேண்டும், நீங்கள் தோள்பட்டைக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து மெல்லத் தாங்கினால் போதும். பாய் விரித்துத் தரையில் படுப்பது இந்த வாரங்களில் வேண்டாம். தரையிலிருந்து எழக் கையை ஊன்றியே ஆக வேண்டும். தரைமட்டக் கழிப்பறை மட்டுமே உள்ள வீட்டில், நடுவே துளையிட்ட கழிப்பறை நாற்காலியை டிஸ்சார்ஜுக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். வலி மாத்திரைகளும் இரும்புச்சத்து மாத்திரைகளும் மலச்சிக்கல் தரும், முக்குவதும் கேடு. மருந்து கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

அதே சமயம், கைகளைக் கட்டிப்போடவும் வேண்டியதில்லை. இருமும்போது மார்பெலும்பில் விழும் விசை, சில கிலோ எடையைத் தூக்கும்போது விழுவதைவிட அதிகம் என்று அளவீடுகள் காட்டுகின்றன. அதனால்தான் இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வில், வழக்கமான கடுமையான கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, வலி அனுமதிக்கும் வரை கைகளைப் பயன்படுத்தியவர்களுக்கும் கேடு எதுவும் கூடவில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டால் நெம்புகோலின் நீளம் குறைகிறது, எலும்பின்மேல் விசையும் குறைகிறது. தலை வாருவது, சட்டைப் பொத்தான் போடுவது, தானே சாப்பிடுவது எல்லாம் அவரே செய்யலாம். எத்தனை கிலோ வரை தூக்கலாம் என்பதை உங்கள் மருத்துவமனை சொன்னபடி பின்பற்றுங்கள். இரு சக்கர வண்டி ஓட்டுவது மருத்துவர் அனுமதித்த பிறகுதான்.

மூச்சை இழுக்கும் பந்துகள்

அறுவையின்போது நுரையீரலின் அடிப்பகுதிக் காற்றறைகள் சுருங்கிவிடுகின்றன. முடிந்த பிறகு வலிக்குப் பயந்து நோயாளி மேலோட்டமாகவே மூச்சு விடுவார். சுருங்கிய அறைகளில் சளி தேங்கும்; பிறகு காய்ச்சல், நிமோனியா என்று வளரும். இதைத் தடுக்கவே மூன்று பந்துகள் கொண்ட அந்தப் பிளாஸ்டிக் கருவியைக் கொடுக்கிறார்கள்.

பல வீடுகளில் "பந்து ஊதிட்டீங்களா?" என்று கேட்கிறார்கள், அவரும் ஊதிக்கொண்டிருப்பார். அந்தக் கருவி ஊதுவதற்கு உரியதன்று. வாயில் வைத்து மெதுவாக, ஆழமாக மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். அப்போதுதான் காற்றறைகள் விரியும், பந்தும் மேலே எழும். இழுத்த மூச்சைச் சில நொடிகள் பிடித்துவைத்து விட வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை, பத்துப் பத்து இழுப்பு என்பது பொதுவான அறிவுரை. வலி மாத்திரை போட்டு அரைமணி நேரம் கழித்துச் செய்தால் ஆழமாக இழுக்க முடியும். வலியைத் தாங்கிக்கொள்வது வீரம் என்று நினைத்து மாத்திரையைத் தவிர்ப்பவர், ஆழ்ந்த மூச்சையும் இருமலையும் நடையையும் சேர்த்தே தவிர்க்கிறார். இந்த நேரக்கணக்கைத் துணை எடுத்துக்கொண்டால் அது பெரிய உதவி.

எழுந்து நிற்கும் அந்த ஒரு நிமிடம்

படுத்தவர் எழுந்து நிற்கும்போது, அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. நல்ல உடம்பில் நாளங்கள் நொடியில் இறுகி ரத்த அழுத்தத்தைக் காக்கும். படுத்துக் கிடந்த உடம்பில் அந்த அனிச்சைச் செயல் மந்தமாகியிருக்கும். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையும் அதை அடக்கும். கண் இருளும், விழுவார். ஆகவே முதலில் உட்காரட்டும். கணுக்காலைப் பத்துப் பதினைந்து முறை மேலும் கீழும் அசைக்கட்டும். கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும். பிறகு நிற்கட்டும், நின்று, தலை தெளிவாக இருந்தால் நடக்கட்டும். நீங்கள் அவருக்கு அரை அடி பின்னால், பக்கவாட்டில் நில்லுங்கள். பிடித்து இழுக்க வேண்டாம். சாய்ந்தால் தாங்கும் தூரத்தில் இருந்தால் போதும்.

முதல் வாரங்களில் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிட நடை, நாளுக்கு மூன்று நான்கு முறை. முடிகிறபடி ஒவ்வொரு நிமிடமாகக் கூட்டி, நான்கு முதல் ஆறு வாரத்தில் ஒரே மூச்சில் அரைமணி நேரம் என்பது பொதுவான இலக்கு. சாப்பிட்ட உடனே நடக்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

போதுமா, கூடிவிட்டதா என்று எப்படித் தெரியும்? துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவரிடம் நாடியை எண்ணுவது முழுதும் உதவாது. அதனால்தான் ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான அளவுகோலை மறுவாழ்வுப் பயிற்சியில் பயன்படுத்துகிறார்கள். எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நோயாளியே மதிப்பெண் சொல்வார். 11க்கும் 13க்கும் இடையே, அதாவது லேசான சிரமம் முதல் ஓரளவு சிரமம் வரை, தொடக்கத்துக்கு ஏற்றது. அதைவிட எளிய வழியும் உண்டு: பேச்சு. மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிந்தால் நடையின் வேகம் சரி. வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தினால் வேகம் அதிகம். பக்கத்தில் பேசிக்கொண்டே நடக்கும் துணையைவிட நல்ல கருவி இதற்கு வேறில்லை.

செய்து கொடுப்பதும் செய்யவிடுவதும்

நாள்பட்ட வலி உள்ளவர்களை வைத்து 1980களில் நடந்த ஆய்வுகள் துணைக்கு முக்கியமான செய்தி சொல்கின்றன. வலி என்று முனகியதும் ஓடிவந்து வேலையைப் பிடுங்கிக்கொள்ளும் துணையை உடையவர்கள், கூடுதல் வலியையும் குறைந்த நடமாட்டத்தையும் பதிவு செய்தார்கள். அவர்கள் நடித்தார்கள் என்பது இதன் பொருளில்லை. முனகலுக்கு மட்டும் கவனிப்பும், முயற்சிக்கு அமைதியும் கிடைத்தால் மூளை எதைக் கற்றுக்கொள்ளும் என்பதே இதில் உள்ள செய்தி. ஆகவே கவனிப்பை இடம் மாற்றிக் கொடுங்கள். ஹாலின் மறுமுனை வரை நடந்து வந்ததும் பாராட்டுங்கள். தண்ணீர்ச் செம்பைக் கைக்குக் கொடுக்காமல், பத்தடி தள்ளி மேசைமேல் இடுப்பு உயரத்தில் வையுங்கள்.

இதற்காகத் துணை விலகி நிற்க வேண்டும் என்பதில்லை. பைபாஸ் நோயாளிகளை ஆராய்ந்து ஆய்வாளர்கள் குலிக்கும் மாலரும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், மனைவி அடிக்கடி வந்து உடனிருந்தவர்கள் குறைவான வலி மருந்தே எடுத்துக்கொண்டார்கள், விரைவாகவும் தேறினார்கள். 1987 முதல் 1990 வரை பைபாஸ் செய்துகொண்ட 225 பேரை ஆய்வாளர்கள் கேத்லீன் கிங்கும் ஹாரி ரீஸும் பின்தொடர்ந்தார்கள். அறுவை முடிந்து ஓராண்டில் மணவாழ்வில் மிகுந்த நிறைவு சொன்னவர்களுக்கு, குறைந்த நிறைவு சொன்னவர்களைவிட, 15 ஆண்டுகள் கழித்து உயிரோடு இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. இப்படிப்பட்ட ஆய்வு தொடர்பைக் காட்டுமே தவிரக் காரணத்தை நிறுவாது. ஆனால் அருகில் இருப்பது வீண்போவதில்லை என்று நம்ப இது போதிய ஆதாரம்.

பேசப்படாதவை

வீடு வந்த சில நாட்களில் பலரும் காரணமில்லாமல் அழுவார்கள், எரிந்து விழுவார்கள், தூங்க மாட்டார்கள், சாப்பாடு ருசிக்கவில்லை என்பார்கள். டியூக் பல்கலைக்கழகத்தினர் பைபாஸ் செய்துகொண்ட 817 பேரை ஆராய்ந்து 2003இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அவர்களில் 38 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. அது நீடித்தவர்களிடையே இறப்பும் அதிகம். ஆகவே "மனசைத் தைரியமா வெச்சுக்கோங்க" என்று சொல்லி விட்டுவிடும் விஷயம் இது அன்று. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

தாம்பத்திய உறவு பற்றி யாரும் கேட்பதில்லை, சொல்வதுமில்லை. மார்பெலும்பு நன்றாக ஒட்டிய பின், பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில், அது பாதுகாப்பானது என்பதே மருத்துவ வழிகாட்டுதல். இரண்டு மாடிப் படியை மூச்சுமுட்டாமல் ஏறக்கூடியவரின் இதயம் அதைத் தாங்கும். ஐயமிருந்தால் இருவரும் சேர்ந்தே கேளுங்கள். உங்கள் மருத்துவருக்கு அது புதிய கேள்வியாக இருக்காது.

எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்தால், மற்றதற்கெல்லாம் பயப்படாமல் இருக்கலாம். இடது மார்பில் மரத்துப்போன உணர்வு, சிரை எடுத்த காலில் மாலையில் லேசான வீக்கம் ஆகியவை வழக்கமானவை. மூச்சு விடும்போதோ திரும்பும்போதோ மார்பெலும்பில் 'கிளிக்' என்ற அசைவு, தையலில் சீழ் அல்லது சிவப்பு, காய்ச்சல், ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை கூடுதல், தாறுமாறான படபடப்பு, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலியோடு வீக்கம் ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவமனையை அழைக்க வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், திடீர் மூச்சுத்திணறல் என்றால் 108.

மனைவி நோயாளியாகும்போது

இதுவரை சொன்னது தலைகீழாகும் இடம் ஒன்று உண்டு. கணவருக்கு பைபாஸ் என்றால் வீடு அவரை அளவுக்கு மீறிக் காக்கிறது. மனைவிக்கு என்றால், சில வாரங்களில் அவர் அடுப்படியில் நிற்கிறார். இதய மறுவாழ்வுப் பயிற்சிக்குப் பெண்கள் குறைவாகவே அனுப்பப்படுகிறார்கள், குறைவாகவே சேர்கிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நம் வீட்டுச் சாமான்களின் எடையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 15 லிட்டர்க் குடம் நிறைந்தால் 15 கிலோ. நிறைந்த சமையல் எரிவாயு உருளை 30 கிலோவை ஒட்டும். ஊறவைத்த துணி வாளி, கிரைண்டரின் கல், மேல் தட்டில் இருக்கும் அரிசி டப்பா எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும் எலும்புக்கு ஆகாதவை. அவருக்கு வேண்டியது மருத்துவர் சொன்ன நடை. வீட்டு வேலை அதற்கு ஈடாகாது. இந்த மூன்று மாதம் கணவர் உலை வைக்கவும், உப்புக் குறைத்துக் குழம்பு வைக்கவும், துணி பிழியவும் கற்றுக்கொள்வது சிகிச்சையின் பகுதி. 'அவளுக்குச் சும்மா இருக்கப் பிடிக்காது' என்ற சாக்கை ஏற்கக் கூடாது.

பார்த்துக்கொள்பவரின் உடம்பு

ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட முதிய தம்பதியரைப் பற்றிய அமெரிக்க ஆய்வொன்று 2006இல் வெளிவந்தது. நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸும் பால் அலிசனும் செய்தது. ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தால் மற்றவருக்கும் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அது காட்டியது. கெட்ட தூக்கம், தவறவிட்ட தன் மாத்திரைகள், ஓயாத கவலை எல்லாம் உடம்பில்தான் போய்ச் சேர்கின்றன. நம் குடும்பங்களில் அக்கா, தம்பி, சம்பந்தி என்று உதவ ஆள் உண்டு. ஆப்பிளோடு வந்து பத்து நிமிடம் உட்கார்ந்து போகிறவரிடம், "நாளைக்கு ராத்திரி நீங்க தங்குங்க" என்று கேட்கத் தயங்க வேண்டாம். கணவருக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் அதே கருவியில் உங்கள் கையையும் நீட்டுங்கள்.

நம் மருத்துவமனைகளிடமும் ஒன்று கேட்டுப் பெற வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைகள் வரிசையாக இருக்கும்; நடமாட்டம் பற்றி ஒரே ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை நம்பி யாரும் பயத்தை விட்டுவிட முடியாது. பிசியோதெரபிஸ்ட் படி ஏற்றும் நாளில் துணையும் கூடவே படி ஏறட்டும். கட்டிலிலிருந்து எழுப்புவதைத் தன் கையால் செய்து காட்டி, சரிதானா என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகட்டும். அதற்கு விலையுயர்ந்த எந்திரமோ தனிக் கட்டணமோ தேவையில்லை. அரைமணி நேரம் போதும். ஒரு லட்சத்துக்கும் மேல் செலவழித்துத் திருத்திய இதயம், அந்த அரைமணி நேரம் கிடைக்காததால் வாரக்கணக்கில் கட்டிலில் முடங்கக் கூடாது.